முள்ளுக்கும் ஈயத்துக்கும் நடுவே

ராசிங்காபுரம்



தக்கை கட்டித் தூண்டில் போடுகிறவர்கள் முள்ளையும் இரையையும் தக்கையையும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டு, ஈயக்குண்டுக்கும் முள்ளுக்கும் இடையே தொங்கும் கடைசி நரம்புத் துண்டின் நீளத்தை மட்டும் கைக்கு வந்தபடி விட்டுவிடுவது வழக்கம். ஓடும் ஆற்றில் இரை எந்த ஆழத்தில், எந்த வேகத்தில் மீனை நெருங்குகிறது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்தத் துண்டே ஆகும். லீடர் எனப்படும் இத்துண்டைப் பற்றி வட அமெரிக்காவின் பசிபிக் கரை ஆறுகளில் சால்மன் பிடிப்போர் நுட்பமாகச் சிந்தித்திருக்கின்றனர். அவர்கள் அறிவு நம் போடி மலையடிவாரத்துக்கு முற்றிலும் அந்நியமானதன்று. மலை முகட்டுக்கு அப்பால் மூணாற்று ஓடைகளில் ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்து விடப்பட்ட வானவில் டிரவுட், சால்மன் குடும்பத்து மீன். அதே இனம் பசிபிக் கரையில் கடலுக்குச் சென்று வளர்ந்து ஆற்றுக்குத் திரும்பும்போது ஸ்டீல்ஹெட் என்று பெயர் பெறுகிறது. காட்டுக்குள் ஓடும் அந்த ஓடைகளில் அனுமதியின்றித் தூண்டில் போடுவது குற்றம். ஆயினும் அந்த ஓடைநீரின் இயல்பு, கெண்டையும் கெளுத்தியும் உள்ள கொட்டகுடி ஆற்றிலும் முல்லையாற்றிலும் அப்படியே பொருந்தும்.

ஆற்றுநீர் மேலிருந்து அடிவரை ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. அடியிலுள்ள பாறையும் கூழாங்கல்லும் உரசித் தடுப்பதால் தரையை ஒட்டிய நீர் மெதுவாகவும், மேல்நீர் விரைவாகவும் செல்கின்றன. மீன் பெரும்பாலும் அந்த மெதுவான அடிநீரில் நின்றுகொண்டு, அதே வேகத்தில் மிதந்து வருவதையே இயல்பான உணவாக ஏற்கிறது. தக்கையோ மேல்நீரின் வேகத்தில் இழுக்கப்படுகிறது. இந்த இரண்டு வேகங்களுக்கும் நடுவே நின்று தக்கையைத் தாமதப்படுத்துவதும், இரையை ஆழத்தில் நிறுத்துவதும் ஈயத்தின் வேலை. கண்மாயில் மட்டும் பழகியவர்களுக்கு இது எளிதில் பிடிபடாது, ஏனெனில் தேங்கிய நீரில் வேக வேறுபாடு ஏறக்குறைய இல்லை. சென்னை மாகாண ஆட்சிப்பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், இந்தியத் தூண்டில்முறை பற்றி 1873இல் ஒரு நூல் வெளியிட்ட பின்னும், குளத்து மீன்பிடிப்புக்கென 1887இல் தனியே இன்னொரு நூல் எழுதினார்.

ஓர் எடுத்துக்காட்டு இதைத் தெளிவாக்கும். ஆழம் 5 அடி என்றும், இரை தரைக்கு அரை அடி மேலே வரவேண்டும் என்றும் கொண்டால், தக்கைக்கும் முள்ளுக்கும் இடையே நாலரை அடி, அதாவது 3 முழம் நரம்பு தேவை. அதில் கடைசித் துண்டு 1 முழமானால் ஈயம் 2 முழ ஆழத்தில், மெதுவான நீரை நெருங்கி நிற்கும். துண்டை 2 முழமாக நீட்டினால் மொத்த நீளம் மாறாதபோதிலும் ஈயம் 1 முழ ஆழத்துக்கு ஏறிவிடுகிறது; அங்கே விரைந்தோடும் நீர் அதை இழுக்க, அது இரையையும் இழுத்துக்கொண்டு ஓட, இலேசான மண்புழு தரையை விட்டு மேலெழும்பிவிடுகிறது. நீளம் கூடினால் இரை ஆழமாகப் போகும் என்று எண்ணுவோர் கவனிக்கத் தவறுவது இதைத்தான். மேலும், தொய்ந்த நீள நரம்பில் மீன் கடித்த செய்தி தக்கைக்குத் தாமதமாக வருவதால், விட்டுவிட வேண்டிய சிறு குஞ்சும் முள்ளை விழுங்கி உயிரிழக்க நேர்கிறது. இது வருந்தத்தக்க இழப்பு.

இனி நீரின் தெளிவு. வடகிழக்குப் பருவமழையில் கொட்டகுடி ஆறு செந்நிறமாகப் பெருகும் நாட்களில் மீன் மணத்தையும் அசைவையும் கொண்டே இரை தேடுகிறது; ஈயம் அருகில் இருப்பது அதன் கண்ணில் படாது. எனவே ஒரு சாண் முதல் ஒரு முழம் வரை போதும். மழை ஓய்ந்து நீர் வற்றிக் கல் தெரியத் தொடங்கினால் ஈயம் மீனை மிரட்டும். ஓட்டமும் தணிந்திருப்பதால் ஒன்றரை முழம், ஆழம் இடங்கொடுத்தால் இரண்டு முழம்கூட விடலாம். சங்கடமானது தெளிந்தும் விரைந்தும் ஓடும் நீரே. அங்கே ஒரே பெரிய ஈயத்தை விடுத்துச் சிறு குண்டுகளாகப் பிரித்து, முள்ளை நெருங்க நெருங்கச் சிறியதாகும்படி இடைவெளி விட்டு நரம்பில் அமுக்கிவைத்தால், துண்டு நீளமாகாமலேயே இரை மென்மையாக இறங்கும். புளோரோகார்பன் நரம்பும் இத்தகைய நீரில் உதவும். சாதாரண நைலானைவிட அதன் ஒளிவிலகல் நீருக்கு நெருங்கியிருப்பதால் கண்ணுக்குக் குறைவாகவே புலப்படுகிறது.

எந்த நீளமாயினும் கடைசித் துண்டு மேல் நரம்பைவிட வலுக்குறைந்ததாக இருப்பது அவசியம். முள் பாறையிடுக்கில் சிக்கினால் அத்துண்டு மட்டும் அறும். தக்கையும் ஈயமும் கைக்கு வரும், பறவைகளின் காலைச் சுற்றும் நரம்பும் ஆற்றில் குறைவாகவே தங்கும்.

கரையில் நீளத்தை முடிவுசெய்ய 1 முழத்தில் தொடங்கித் தக்கையைக் கவனிப்பதே தக்க வழி. தக்கையின் தலை ஓட்டத்தின் திசையில் சாய்ந்தே சென்றால் ஈயமோ முள்ளோ தரையில் உரசுகிறது என்று பொருள். தக்கையைக் கீழே நகர்த்தி ஆழத்தைக் குறைக்கவேண்டுமே தவிர, லீடரை வெட்டக் கூடாது. தக்கை நிமிர்ந்து சென்றும், தரையை ஒருமுறையும் தொடாமலும், கடியும் விழாமலும் போனால் முதலில் ஆழத்தைக் கூட்டிப் பார்க்கவேண்டும். அதற்கும் பயனில்லையென்றால் மட்டுமே துண்டின் நீளத்தை ஒரு சாண் அளவில் மாற்றவேண்டும், கலங்கலில் குறைத்தும் தெளிவில் கூட்டியும்.