தொடாது அளக்கும் வெப்பமானி

நோயுற்ற குழந்தையின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தல் தாயரின் நெடுநாள் வழக்கம். கை சூட்டை உணரும். அதன் அளவை உரைக்காது. 1860-களில் இங்கிலாந்து நாட்டு மருத்துவர் கிளிஃபர்டு ஆல்பட், சட்டைப்பையில் அடங்கும் சிறு வெப்பமானியை அமைத்தார். அது ஐந்து நிமிடத்தில் உடல் வெப்பத்தைக் காட்டியது. எனினும், அழுது திமிறும் குழந்தையை அவ்வளவு நேரம் அசையாது இருத்துதல் எளிதன்று.

தொடாமலே அளக்கும் கருவி பிற்காலத்தில் தோன்றியது. 1800-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானியல் அறிஞர், கதிரவன் ஒளியை முப்பட்டைக் கண்ணாடியால் பிரித்தார். சிவப்பு நிறத்திற்கு அப்பால் வைத்த வெப்பமானியில் வெப்பம் ஏறக் கண்டார். கண்ணுக்குப் புலனாகாத அக்கதிர்களே அகச்சிவப்புக் கதிர்கள். நம் உடலும் அவற்றை இடையறாது வீசுகின்றது. நெற்றியினின்று வரும் அக்கதிர்களை ஏற்று, இக்கருவி ஓரிரு நொடியில் வெப்பநிலையைக் கூறுகின்றது.

ஆயினும், அது நேரே காண்பது தோலின் வெப்பத்தையே; உள்ளுடலின் வெப்பத்தைக் கணக்கிட்டே கூறுகின்றது. வெயிலில் விளையாடி வந்த சிறுவனின் நெற்றி சுடும். வியர்வை உலரும் நெற்றியோ குளிரும். காய்ச்சல் ஏறத் தொடங்கும் வேளையில் தோலின் குருதிக்குழாய்கள் சுருங்குதலால், உள்ளே வெப்பம் மிகுந்திருக்கவும் புறத்தே குறைந்து காணும். ஆதலின், குழந்தையின் வியர்வையைத் துடைத்து, நிழலில் சிறிது நேரம் இருத்தி, கருவிக்குரிய தொலைவில் பிடித்து அளத்தல் வேண்டும்.

மூன்று திங்கள் நிரம்பாத மகவுக்கு 38 டிகிரி செல்சியஸ் வெப்பம் காணின், உடனே மருத்துவரிடம் செல்லல் வேண்டும். மகவு சோர்ந்து பால் உண்ண மறுக்குமாயின், தொடாக் கருவி குறைந்த எண்ணைக் காட்டினும் வாளாவிருத்தல் ஆகாது. மருத்துவரை நாடுதலே தக்கது. கருவி கூறும் எண்ணோடு குழந்தையின் நிலையையும் நோக்குவதே அறிவுடைமை.