கழற்றி மாட்டும் மடிக்கணினியில் இன்னும் வேண்டியவை

மடிக்கணினியில் முதலில் கெடுவது பெரும்பாலும் ப்ராசசர் அல்ல. பேட்டரி தேய்கிறது, சார்ஜர் செருகும் துளை ஆட்டம் காண்கிறது, கீல் இறுகி மூடியின் பிளாஸ்டிக்கைப் பிளக்கிறது, தேநீர் சிந்திய விசைப்பலகையில் நாலைந்து விசைகள் செத்துப்போகின்றன. இவற்றில் எதுவும் கணினியைத் தூக்கிப்போடும் அளவுக்குப் பெரிய பழுதில்லை. ஆனால் பேட்டரியைப் பசையால் ஒட்டி, விசைப்பலகையை மேல்தட்டோடு ரிவிட் அடித்து, சார்ஜர் துளையைத் தாய்ப்பலகையிலேயே சாலிடர் செய்துவிட்டால், சின்னப் பழுதுக்கும் பெரிய பாகத்தையே மாற்ற நேர்கிறது. ஆகவே விருப்பப் பட்டியலின் முதல் வரி எளிமையானது: அடிக்கடி கெடுவது எதுவோ, அது சுலபமாகக் கையில் வர வேண்டும்.

இது புதிய ஆசையும் அல்ல. 2018இல் வந்த திங்க்பேட் டி480இல் பின்பக்க பேட்டரியைத் தாழ்ப்பாள் நீக்கி எடுத்துவிடலாம். உள்ளே இன்னொரு சிறிய பேட்டரி உண்டென்பதால், கணினியை அணைக்காமலே அதைச் செய்யலாம். இன்டெலின் 4ஆம் தலைமுறை வரை, ப்ராசசரையே சாக்கெட்டிலிருந்து எடுத்து மாற்றக்கூடிய மடிக்கணினிகள் கிடைத்தன. 2012இல் ஆப்பிளின் ரெட்டினா மேக்புக் ப்ரோ ரேமைச் சாலிடர் செய்து, பேட்டரியை ஒட்டி வந்தது. மெல்லிய உடலுக்காக மற்ற நிறுவனங்களும் அதே வழியில் போயின.

எதிர்த்திசையில் நடந்தவற்றில் முக்கியமானது, நிரவ் படேல் தொடங்கிய ஃபிரேம்வொர்க் நிறுவனம் 2021இல் வெளியிட்ட 13 அங்குலக் கணினி. பெட்டியிலேயே ஒரு ஸ்க்ரூடிரைவர் வருகிறது. பாகங்களின் மேல் கியூஆர் குறியீடு இருக்கிறது. பலரும் வியப்பது பக்கவாட்டில் செருகி எடுக்கும் போர்ட் அட்டைகளைப் பார்த்துத்தான். உண்மையான சாதனை அங்கே இல்லை. திருகுத் துளைகளின் இடத்தில் இருக்கிறது. 2021இல் வாங்கிய உடலுக்குள் 2025இன் தாய்ப்பலகை பொருந்துகிறது. 55 வாட்-மணி பேட்டரி இருந்த இடத்தில், பின்னாளில் வந்த 61 வாட்-மணி பேட்டரி உட்காருகிறது. முதல் கீல் தளர்வாக இருக்கிறது என்றவர்களுக்கு விறைப்பான கீல் தனியாக விற்பனைக்கு வந்தது. தனித்தனிப் பாகங்களாகப் பிரிப்பது யாருக்கும் கைவரும். அளவுகளையும் இணைப்புகளையும் தலைமுறை தாண்டியும் மாற்றாமல் வைத்திருப்பதுதான் கடினம். வாங்குபவர் கேட்க வேண்டிய வாக்குறுதியும் அதுவே.

அப்படித் தாய்ப்பலகையை மாற்றும்போதும் செலவு அதோடு நிற்பதில்லை. ஃபிரேம்வொர்க்கின் 11 முதல் 13ஆம் தலைமுறை வரையிலான இன்டெல் பலகைகள் டிடிஆர்4 ரேமை ஏற்பவை. ஏஎம்டி ரைசன் 7040 பலகைக்கு டிடிஆர்5 தேவை. பழைய ரேம் புதிதில் பொருந்தாது. பலகை, ரேம் இரண்டின் விலையையும் கூட்டிப் பார்த்த பிறகே முடிவெடுப்பது நல்லது. கழற்றிய பலகை வீணாகாது: கூலர் மாஸ்டரின் சிறு பெட்டியில் வைத்தால் மேசைக் கணினியாக ஓடும். இந்த மறுவாழ்வைக் கணக்கில் சேர்த்தால்தான் மேம்படுத்தலின் கணக்கு நேராகிறது.

போர்ட் அட்டைகளில் ஒரு குறை உண்டு. நான்கு பள்ளங்களும் வெளியே ஒன்றுபோலத் தெரியும், உள்ளே அப்படியல்ல. 7040 பலகையில் பின்னாலிருக்கும் இரண்டும் யுஎஸ்பி4. முன்னாலிருப்பவற்றில் ஒன்றில் திரைக்கான சமிக்ஞை வராது. எச்டிஎம்ஐ அட்டையை அங்கே செருகினால் படம் தெரியாது. பின்பள்ளங்களில் பழைய வகை யுஎஸ்பி அட்டையைச் செருகி வைத்தால் மின்சாரம் சற்றுக் கூடுதலாகச் செலவாகும். எந்தப் பள்ளத்துக்கு என்ன திறன் என்பதை உடலிலேயே பொறிக்க வேண்டும் என்பது மிக மலிவான கோரிக்கை. அதுவரை, பள்ளங்களின் வரைபடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அட்டை வாங்குவது புத்திசாலித்தனம்.

விசைப்பலகையில் ஃபிரேம்வொர்க்கின் இரு மாடல்களுக்குள்ளேயே பாடம் இருக்கிறது. 13 அங்குலக் கணினியில் விசைப்பலகையை மட்டும் மாற்றுவதானால் டஜன்கணக்கான பொடித் திருகுகளைக் கழற்ற வேண்டும். பொறுமையில்லாதவர் மேல்தட்டையே வாங்கிவிடுவார். 16 அங்குலக் கணினியில் கருவியே இல்லாமல் நகர்த்தி எடுத்துவிடலாம். பின்னதை எல்லா அளவுகளுக்கும் கேட்பது நியாயம். திங்க்பேட் விசைகளுக்கு நடுவே சுட்டியை நகர்த்தும் சிவப்புக் குமிழுக்குப் பழகிய விரல்கள் அதையும் கேட்டுக்கொண்டேதான் இருக்கும்.

மிகவும் சிக்கலான விருப்பம் ரேம். கழற்றக்கூடிய எஸ்ஓடிம் ரேமுக்கு வேகத்தில் எல்லை உண்டு. குறைந்த மின்சாரத்தில் அதிவேகமாக ஓடும் எல்பிடிடிஆர்5எக்ஸ் வழக்கமாகச் சாலிடர் செய்யப்படுவது. காரணம் கஞ்சத்தனம் மட்டுமல்ல. வேகம் கூடக்கூட, ப்ராசசருக்கும் ரேமுக்கும் இடையிலான கம்பித்தடம் நீள்வதும், இடையில் ஒரு இணைப்பான் வருவதும் சமிக்ஞையைக் கெடுக்கும். டெல் 2022இல் கொண்டுவந்த கேம் என்ற தட்டை வடிவத்திலிருந்து, ஜெடெக் அமைப்பு 2023 டிசம்பரில் கேம்2 தரத்தை வெளியிட்டது. அதன் எல்பிகேம்2 வடிவம் 2024இல் திங்க்பேட் பி1இல் வந்தது: வேகமான ரேம், ஆனால் திருகினால் கழன்றுவிடும். இருந்தும் எல்லா ப்ராசசருக்கும் அது ஒத்துவரவில்லை. 2025இன் ஃபிரேம்வொர்க் மேசைக் கணினியில், ஏஎம்டியோடு முயன்று பார்த்தும் சரிப்படாமல் ரேம் சாலிடரோடுதான் வந்தது. ரேம் சாலிடர் செய்த கணினி வாங்குவதைத் தவிர்க்க முடியாதபோது, இன்றைய தேவையைப் போல இரண்டு மடங்கு அளவு எடுப்பதே பாதுகாப்பு.

கிராபிக்ஸ் நிலைமை சற்று மேல். எம்எக்ஸ்எம் என்ற பழைய தரம் இருந்தும், உடலின் வடிவமும் வெப்பக்குழாய்களும் மாடலுக்கு மாடல் வேறுபட்டதால், மாற்று அட்டை பொருந்துவது அதிர்ஷ்டமாகவே இருந்தது. ஃபிரேம்வொர்க் 16 விசிறியையும் அட்டையோடு சேர்த்து ஒரே தொகுதியாக்கியது. முதலில் ரேடியான் 7700எஸ்; 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5070 தொகுதி பழைய உடலிலும் பொருந்துகிறது.

பேட்டரிக்குள் இருக்கும் செல்களையும் தனித்தனியே மாற்ற வேண்டும் என்பவர்களுக்கு, பெர்லினில் உருவான எம்என்டி ரிஃபார்ம் விடை தருகிறது. அதில் எட்டு 18650 அளவு செல்கள். எடையும் தடிமனும் அதற்கேற்பக் கூடும். பொதுச்சந்தைக்கு அவ்வளவு தேவையில்லை; பேட்டரியை முழுதாக மாற்ற முடிந்தாலே போதும். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி 2027 பிப்ரவரி 18 முதல் கையடக்கச் சாதனங்களின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும். மாடலின் கடைசிக் கணினி சந்தைக்கு வந்த பிறகும் ஐந்தாண்டு உதிரி கிடைக்க வேண்டும். மாற்றுவதை மென்பொருளால் தடுக்கவும் கூடாது.

மென்பொருள் என்றதும் பலர் மறப்பது பயாஸ். பாகங்கள் பத்தாண்டு உழைத்து, பாதுகாப்புத் திருத்தங்கள் மூன்றாண்டில் நின்றுபோனால் கழற்றும் வசதிக்குப் பாதி மதிப்புதான். எனவே வாங்குமுன் நான்கைத் தேடிப் பார்க்கலாம்: பழுதுபார்க்கும் கையேடு பொதுவில் கிடைக்கிறதா, பேட்டரிக்கும் திரைக்கும் தனி விலை போட்டிருக்கிறார்களா, முந்தைய மாடலின் பாகம் இன்றும் விற்கிறதா, அதன் பயாஸுக்குக் கடைசியாக எப்போது திருத்தம் வந்தது. மூன்றாவதற்கும் நான்காவதற்கும் கிடைக்கும் விடைதான் விளம்பரத்தைவிட நம்பத்தக்கது.