டிக் கோளாறும் உடன்தோன்றும் குழந்தைக் கோளாறுகளும்

வகுப்பில் ஒரு சிறுவன் அடிக்கடி கண்களைச் சிமிட்டுகிறான், தோளைக் குலுக்குகிறான், தொண்டையைச் செருமுகிறான். கண்டித்தாலும் நிறுத்த இயலவில்லை. இது குறும்பன்று. தன்னை மீறி எழும் இத்தகைய அசைவையும் ஒலியையும் மருத்துவர் ‘டிக்’ என்பர். பல அசைவுகளும் ஓர் ஒலியேனும் 18 வயதிற்கு முன் தோன்றி ஓராண்டுக்கு மேல் நீடிக்குமாயின், அது டூரெட் நோய் எனப்படும். பிரெஞ்சு மருத்துவர் ழில் தெ லா டூரெட் 1885ஆம் ஆண்டில் ஒன்பது நோயாளரைக் கொண்டு இதனை விவரித்தார்.

டிக் பெரும்பாலும் தனித்து வருவதில்லை. டூரெட் நோயுற்ற 1,374 பேரை ஆராய்ந்து 2015இல் வெளியான அறிக்கையின்படி, நூற்றுக்கு ஏறத்தாழ 72 பேருக்குக் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறோ, எண்ணச் சுழற்சி நோயோ, இவ்விரண்டுமோ இருந்தன. முன்னதில் குழந்தையால் ஓரிடத்தில் அமர்ந்து பாடத்தில் மனம் செலுத்த இயலாது. பின்னதில் வேண்டாத எண்ணமும், கழுவியதையே மீண்டும் கழுவும் செயலும் குழந்தையை வாட்டும். டிக்கைவிட இவையே கல்வியை மிகுதியாகக் கெடுப்பதுண்டு.

இவை சேர்ந்து வருவது ஏன்? 1985இல் வெளியான இரட்டையர் ஆராய்ச்சியில், ஒருவருக்கு டூரெட் நோய் இருந்தபோது மற்றவருக்கும் இருந்தது, ஒரு கரு இரட்டையரில் நூற்றுக்கு 53 இணைகளிலும் இரு கரு இரட்டையரில் 8 இணைகளிலுமே ஆகும். இது பரம்பரையின் வலிமையைக் காட்டுகிறது. டூரெட் நோய்க்கும் எண்ணச் சுழற்சி நோய்க்கும் மரபணுக்களில் ஒரு பகுதி பொது என்று 2013இல் கணிக்கப்பட்டது. ஒரே வாய்க்கால் இரு வயல்களுக்குப் பாய்வதைப் போன்றது இது; ஆயினும் ஒவ்வொரு வயலுக்கும் தனிக் கிணறும் உண்டு. ஆகவேதான், மகனுக்கு டிக்கும் தந்தைக்கு எண்ணச் சுழற்சியும் தோன்றலாம். பொறுப்பான மரபணு ஒன்றன்று, பல. ஒவ்வொன்றின் பங்கும் சிறிது. இது பெற்றோர் வளர்ப்பின் குற்றமும் அன்று.

இக்கோளாற்றை உறுதிசெய்யும் மரபணுச் சோதனை எதுவும் இன்று இல்லை, உற்றுநோக்கலே வழி. தென் அந்தமானின் புரோத்ராபூர் போன்ற ஊர்களில், பல மொழி பேசும் குடும்பங்களின் குழந்தைகளை நாள்தோறும் காண்பவர் ஆசிரியரே. அவர் அசைவு எப்போது மிகுகிறது, கவனம் எங்கே சிதறுகிறது, உறவினர் எவருக்கேனும் இவ்வாறு உண்டா என்பவற்றைக் குறித்துவைத்து, 2013 முதல் நடைபெறும் ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரம் திட்டத்தின் மருத்துவக் குழுவிடம் தெரிவிக்கலாம். தண்டனையால் டிக் தணியாது; பதற்றம் மிகுந்தால் அதுவும் மிகும். பலருக்கு இது 10 முதல் 12 வயதளவில் உச்சமடைந்து, பின்னர் குறைகிறது. அதுவரை அக்குழந்தை பள்ளியை வெறுக்காமல் காப்பது ஆசிரியர் கடமையாகும்.