சைக்கிளில் ஒரு நாள் பயணம்: கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை



சம்பா அறுப்பு முடிந்துவிட்டது. பயறு, உளுந்து பறிக்க இன்னும் நாள் இருக்கிறது. வருஷத்தில் நமக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைப்பது இப்போதுதான். "சைக்கிளிலேயே தாராசுரம், பட்டீஸ்வரம் போயிட்டு வரலாமா?" என்று சில குழுக்களில் கேட்கிறார்கள். தாராளமாகப் போகலாம். அதற்கு முன் போன வருஷம் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம்.

அப்போது ஒரு குழுவோடு பதினோரு பேர் கிளம்பினோம். கட்டுச்சோறு யார் கொண்டு வருவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று இரண்டு கூட்டத்தில் பேசினோம். சைக்கிளை மட்டும் யாரும் பார்க்கவில்லை. கூடப் போன எங்களுக்கும் அது தோன்றவில்லை. வாய்க்கால் மதகு தாண்டி ரோடு இறங்கும் இடத்தில் ஒரு சகோதரிக்கு பிரேக் பிடிக்கவில்லை. விழுந்து மணிக்கட்டு பிசகிவிட்டது. பிறகு பார்த்தால், பிரேக் கட்டை முழுசாகத் தேய்ந்து போயிருந்தது.

கை ஒரு மாதத்தில் சரியாகிவிட்டது. "இதுக்குத்தான் போக வேண்டாம்னு சொன்னேன்" என்ற வீட்டுப் பேச்சு லேசில் ஓயவில்லை. மூன்று மாதம் அவர் சைக்கிளைத் தொடவே இல்லை. வங்கிக்கோ கூட்டத்துக்கோ யாராவது கூட்டிக்கொண்டு போனால்தான் உண்டு. பிரேக் கட்டை என்ன பெரிய விலையா? ஆனால் அதைப் பார்க்காமல் விட்டதால் ஒரு பெண்ணின் வெளி நடமாட்டமே நின்றுபோனது.

இந்த நடமாட்டம் சும்மா கிடைத்தது இல்லை. நமக்குப் பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில் 1991-ல் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். கல் உடைக்கும் பெண்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று ஆயிரக்கணக்கானவர்கள் கேலியைப் பொருட்படுத்தாமல் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். முன்னால் இருக்கும் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமே என்று அதையே விரும்பியவர்களும் உண்டு.

மலைப் பாதையில் சைக்கிள் ஓட்டுவதற்கென்றே விடுமுறை எடுத்து மணாலியிலிருந்து லே வரை போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் கிளம்பும் முன் பார்ப்பது காற்று, பிரேக், செயின், மூட்டை இவைதான். நாமும் அதையே வரிசையாகப் பார்ப்போம்.

ஒரு வாரம் முன்பு

1. பிரேக்: வண்டியைத் தள்ளிக்கொண்டே முன் பிரேக், பின் பிரேக் இரண்டையும் தனித்தனியாகப் பிடியுங்கள். சக்கரம் உடனே நிற்க வேண்டும். கட்டை தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். ரிம்மில் எண்ணெய் பட்டிருந்தாலும் பிரேக் வழுக்கும், துடைத்துவிடுங்கள்.

2. டயர்: வெடிப்பு, முள் இருக்கிறதா என்று சுற்றிப் பாருங்கள். காற்று அடித்து ஒரு ராத்திரி விட்டு வையுங்கள். காலையில் இறங்கியிருந்தால் பஞ்சர், இல்லையென்றால் வால்டியூப் கோளாறு.

3. சக்கரம்: தூக்கிப் பிடித்துச் சுற்றுங்கள். ஆடிக்கொண்டே சுற்றினால் கடையில் கொடுத்து கோட்டம் எடுக்க வேண்டும்.

4. செயின்: பழைய துணியால் துடைத்து எண்ணெய் விடுங்கள். மிஞ்சிய எண்ணெயைத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மண் ஒட்டும். செயின் கார்டு உடைந்திருந்தால் கட்டாயம் சரி செய்யுங்கள். சேலை சிக்குவது அங்கேதான்.

5. சீட்டு: மகன், மகள், வீட்டுக்காரர் சைக்கிள் என்றால் உயரம் நமக்குப் பொருந்தாது. பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் ஏறக்குறைய நேராக நீள வேண்டும். புதிதாகக் கற்றவர்கள் தரையில் கால் ஊன்றும்படி தாழ்த்திக்கொள்ளலாம்.

சரி செய்த பிறகு ஊருக்குள் நான்கைந்து கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். பழுது இருந்தால் வீட்டுப் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

எதை எடுத்துக்கொள்வது?

குழுவுக்குப் பொதுவாக: ஒரு பம்பு, ஸ்பேனர், பஞ்சர் ஒட்டும் சாமான், இரண்டு வால்டியூப், காயத்துக்கு மருந்து, பஞ்சு, துணிக்கட்டு.

ஒவ்வொருவரும்: குறைந்தது இரண்டு லிட்டர் தண்ணீர், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை, மாதவிலக்குத் துணி அல்லது நாப்கின், தலைக்குத் துண்டு, செல்போன், கொஞ்சம் சில்லறை. சாப்பாட்டுக்குப் புளிச்சோறு நல்லது, வெயிலில் சீக்கிரம் கெடாது.

மூட்டையை ஹேண்டில் பாரில் தொங்கவிடாதீர்கள். திருப்பும்போது இழுக்கும், முன் சக்கரத்திலும் மாட்டும். கேரியரில் கனமானது அடியில், லேசானது மேலே வைத்து, பழைய டியூப் கீற்றால் இறுக்கிக் கட்டுங்கள். கட்டின நுனி தொங்கக் கூடாது.

சுடிதார் வசதி. சேலை என்றால் முந்தானையை இடுப்பில் செருகி, கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிக் கட்டுங்கள்.

ரோட்டில்

விடியற்காலையில் கிளம்பி, வெயில் ஏறுமுன் போய்ச் சேருங்கள். ஒருவர் பின் ஒருவராகப் போக வேண்டும். நன்றாக ஓட்டுகிறவர் ஒருவர் முன்னாலும் ஒருவர் கடைசியிலும் வரட்டும். நெல் காயப் போட்ட இடத்தில் சக்கரம் வழுக்கும், இறங்கித் தள்ளுங்கள். வைக்கோல் செயினில் சுற்றிக்கொள்ளும், நின்று எடுத்துவிடுங்கள். இறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் சேர்த்து மெதுவாகப் பிடியுங்கள். முன் பிரேக்கை மட்டும் அழுத்தினால் தூக்கிப் போட்டுவிடும். மாசி மகத்தன்று கும்பகோணத்தில் கூட்டம் நெரியும், வேறு நாள் பாருங்கள். அவசரம் என்றால் 108.

பஞ்சர் ஆனால் டியூபை ஒட்டுவதற்கு முன் டயரின் உள்பக்கம் துணியால் தடவிப் பாருங்கள். கருவேல முள் உள்ளேயே இருந்தால் ஒட்டினதும் திரும்பக் குத்தும்.

தாராசுரம் கோயிலை 2004-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாகச் சேர்த்தார்கள். நம்ம பக்கத்திலேயே இருந்தும் எத்தனை பேர் நின்று பார்த்திருக்கிறோம்? அங்கே தேர் போலக் கட்டிய மண்டபத்தில் கல் சக்கரம் இருக்கிறது. பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு முன் நாம் பார்த்துவிட்டு வருவோம்.

போன வருஷம் விழுந்த சகோதரி இந்த வருஷமும் வருகிறார். எல்லார் பிரேக்கையும் பிடித்துப் பார்க்கும் பொறுப்பை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு:

* நம் குழுவில் எத்தனை பேருக்கு சைக்கிள் ஓட்டத் தெரியும்? தெரியாதவர்களுக்கு யார் கற்றுத்தரலாம்?
* நாம் ஓட்டும் சைக்கிள் யாருடையது? சொந்தமாக வாங்க உள்கடன் கேட்டால் குழு தருமா?
* பஞ்சர் ஒட்ட ஊரில் யாரிடம் கற்றுக்கொள்ளலாம்?