நிலப்படத்தில் வாணிகம்

வாணிகம் செய்வோர் கணக்கு எழுதுவர். எழுதிய கணக்கைத் தொகுத்து ஆண்டுதோறும் அறிக்கையாக்குவர். எந்த ஊரிலிருந்து எவ்வளவு சரக்கு வந்தது, எந்த ஊருக்கு எவ்வளவு சென்றது என்னும் செய்தி அவ்வறிக்கையில் நிரல் நிரலாக எண்களில் நிற்கும். பத்து நாடுகளின் பெயரும் மூன்று ஆண்டுகளின் கணக்கும் அடங்கிய ஓர் அட்டவணையைப் படிப்பவர், ஒரு வரியை நினைவில் நிறுத்தி மற்றொரு வரியோடு ஒப்பிடல் வேண்டும். அந்நாடுகள் எத்திசையில் உள்ளன, சரக்கு எவ்வழியே வந்தது என்பவற்றையும் தாமே எண்ணிப் பார்த்தல் வேண்டும். அலுவல் மிகுந்த அமைச்சருக்கும் ஆலை முதலாளிக்கும் அத்துணைப் பொறுமை ஏது? இக்குறையை உணர்ந்து, கணக்கை நிலப்படத்தின்மேல் ஏற்றிக் காட்டிய அறிஞருள் தலைசிறந்தவர் பிரெஞ்சு நாட்டினராகிய சார்லஸ் ஜோசப் மினார்.

மினார் 1781-ஆம் ஆண்டில் திஜோன் நகரில் பிறந்தார். பாலமும் சாலையும் அமைக்கும் அரசாங்கத் துறையில் பொறியியலறிஞராகப் பணியாற்றினார். அவர் நடுவயது கடந்த காலத்தில் ஐரோப்பாவில் இருப்புப்பாதைகள் பரவத் தொடங்கின. பாதை எந்த ஊர் வழியே செல்கின்றதோ அந்த ஊர் செழிக்கும். விடுபட்ட ஊர் நலியும். ஆதலின் ஒவ்வோர் ஊராரும் தம் ஊருக்கே பாதை வேண்டுமென வாதாடினர். திஜோனுக்கும் முல்ஹவுஸ் நகருக்கும் இடையே பாதை அமைக்கும் பேச்சு எழுந்தபோது, மினார் வாதத்தில் இறங்கவில்லை. அப்பகுதிச் சாலைகளில் குதிரை வண்டிகளில் செல்லும் பயணிகளின் தொகையைக் கொண்டு, 1845-இல் ஒரு நிலப்படம் வரைந்தார். பயணிகள் மிகுதியாகச் சென்ற சாலை அப்படத்தில் அகன்ற பட்டையாயிற்று. சிலரே சென்ற சாலை மெல்லிய கோடாயிற்று. மக்கள் எவ்வழியே போகின்றனர் என்பதை எவரும் எடுத்துரைக்க வேண்டிய தேவை இல்லாமற் போயிற்று. இம்முறையை முதன்முதல் கண்டவர் மினார் என்று கூறுதல் பொருந்தாது. அயர்லாந்தின் இருப்புப்பாதை ஆய்வுக்குழுவிற்காக ஹார்னஸ் என்னும் படைத்துறைப் பொறியாளர் 1837-இலேயே இத்தகைய படங்களை ஆக்கியிருந்தார். எனினும், இம்முறையை வாழ்நாள் தொழிலாகவே கொண்டு வளர்த்தவர் மினாரே.

1851-இல், தம் எழுபதாம் வயதில், அவர் பணியினின்று ஓய்வு பெற்றார். உழைப்பினின்று ஓய்வு பெற்றாரல்லர். பாரிஸ் நகருக்கு இறைச்சிக்காக எந்தெந்த மாவட்டம் எவ்வளவு கால்நடை அனுப்புகின்றது என்பதை 1858-இல் படமாக்கினார். ஒவ்வொரு மாவட்டத்தின்மேலும் ஒரு வட்டம். அனுப்பிய அளவுக்கேற்ப அவ்வட்டம் பெரிதும் சிறிதுமாகும். வட்டத்துள் மாட்டிறைச்சிக்குக் கறுப்பு, கன்றிறைச்சிக்குச் சிவப்பு, ஆட்டிறைச்சிக்குப் பச்சை எனக் கூறுகள் பிரிக்கப்பட்டிருந்தன. பாரிஸ் நகரில் தலைமை அஞ்சலகத்தை எங்கே கட்டுவது என்னும் வினாவிற்கு விடையாக 1865-இல் மற்றொரு படம் வரைந்தார். நகரத்தின் ஒவ்வொரு வட்டாரத்தின்மேலும் அதன் மக்கள்தொகைக்கேற்ற பரப்புள்ள ஒரு சதுரத்தை இட்டு, அச்சதுரங்கள் யாவற்றிற்கும் பொதுவான நடுவிடத்தைக் கணித்துக் காட்டினார். இங்கு ஒரு நுட்பம் உண்டு. மக்கள்தொகை நான்கு மடங்காயின் சதுரத்தின் பக்கம் இரண்டு மடங்கே ஆதல் வேண்டும். பக்கத்தையும் நான்கு மடங்காக்கினால் பரப்புப் பதினாறு மடங்காகிவிடும், படம் பொய்யுரைக்கும்.

மினாரின் வாணிகப் படங்களுள் பஞ்சுப் படம் நெடிது நோக்கற்குரியது. இங்கிலாந்து நாட்டு லங்காஷயர் ஆலைகள் அக்காலத்தில் நூற்ற பஞ்சில் பெரும்பகுதி அமெரிக்காவின் தென்மாநிலங்களில், அடிமைகளின் உழைப்பால் விளைந்தது. 1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. வடவரின் கப்பற்படை தென்மாநிலத் துறைமுகங்களை முற்றுகையிட்டது. பஞ்சு வரவு நின்றது, ஆலைகள் மூடப்பட்டன, நூற்போரும் நெய்வோரும் இலட்சக்கணக்கில் வேலையிழந்து, பிறர் அளித்த உணவால் உயிர் தாங்கினர். அப்பொழுது ஆலை முதலாளிகளின் கண் எகிப்தின்மீதும் இந்தியாவின்மீதும் சென்றது. பம்பாய்த் துறைமுகத்தினின்று பஞ்சுப் பொதிகள் முன்னொருபோதும் இல்லாத அளவில் கப்பலேறின. விலை ஏறியது, பம்பாய் வணிகர் பெருஞ்செல்வம் ஈட்டினர். 1865-இல் போர் முடிந்தவுடன் விலை வீழ்ந்தது. அவருட் பலர் அச்செல்வத்தை அதே விரைவில் இழந்தனர்.

இவ்வளவு பெரிய மாறுதலை மினார் ஒரு தாளில் அடக்கினார். ஐரோப்பாவிற்குள் வந்த பஞ்சின் அளவை 1858, 1864, 1865 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கும் தனித்தனி நிலப்படங்களாக்கி, அவற்றை அருகருகே வைத்தார். ஒவ்வொரு நாட்டுப் பஞ்சிற்கும் ஒவ்வொரு நிறம். முதற்படத்தில் அமெரிக்காவினின்று புறப்படும் பட்டை பேராறுபோல அட்லாண்டிக் கடலை நிறைத்து வருகின்றது. அடுத்த படத்தில் அவ்வாறு வற்றி ஓடைபோல் ஆகிவிடுகின்றது. இந்தியாவினின்று எழுந்த பட்டையோ பருத்துப் பெருகி, ஆப்பிரிக்காக் கண்டத்தைத் தென்முனையில் வளைந்து சுற்றிக்கொண்டு வடக்கே ஏறுகின்றது. இத்துணைச் சுற்றுவழி எதற்கு என்னும் ஐயம் எழலாம். சூயெஸ் கால்வாய் திறக்கப்பட்டது 1869-இல். அதற்குமுன் பொதியேற்றிய கப்பல்களுக்கு நன்னம்பிக்கை முனையே வழி. இந்தியப் பஞ்சு எவ்வளவு வந்தது என்பதை மட்டுமன்றி, எவ்வளவு தொலைவு வந்தது என்பதையும் படம் ஒருங்கே கூறிவிடுகின்றது. அட்டவணையால் இது ஆகாது. மூன்று படங்களுக்கும் பட்டையின் அளவுகோல் ஒன்றே என்பதைக் கருத்தில் இருத்துக. ஆண்டுக்கு ஓர் அளவுகோல் கொண்டிருந்தால், மெலிந்தது பருத்ததாகவும் பருத்தது மெலிந்ததாகவும் தோன்றியிருக்கும்.

படத்தை உற்று நோக்குவோர் ஒரு குறை காண்பர். கடற்கரைகள் உள்ளபடி இல்லை. அகன்ற பட்டைகள் நுழைதற்பொருட்டுக் குறுகிய கடற்கால்களை மினார் விரித்திருக்கின்றார். கரைகளை வேண்டியாங்கு ஒதுக்கியிருக்கின்றார். இதனை நிலநூலார் பிழை என்பர். மாலுமிக்கு இப்படம் உதவாது என்பதும் உண்மையே. ஆயின், அவர் நிலத்தை வளைத்தாரேயன்றி எண்ணை வளைக்கவில்லை. செய்ததை மறைக்கவுமில்லை. தம் படங்கள் பலவற்றின் தலைப்பிலேயே ‘தோராயமானது’ என்னும் சொல்லைப் பொறித்துவிட்டார். வாணிக அறிக்கையில் வரும் படத்திற்குக் கரையின் வளைவைக் காட்டிலும் பட்டையின் அகலமே உயிர். எதனை விட்டுக்கொடுக்கலாம், எதனை விட்டுக்கொடுத்தல் ஆகாது என்பதை அவர் தெளிவாக அறிந்திருந்தார்.

இக்காலத்தில் கணிப்பொறி நொடிப்பொழுதில் நிலப்படம் வரைந்து தருகின்றது. நிலத்தின் எல்லைகளைச் சிறிதும் பிழையின்றி வரைகின்றது. அதன்மேல் வண்ணம் தீட்டுவோர் தவறும் இடம் வேறு. இராஜஸ்தானத்து ஜெய்சல்மேர் மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 38,400 சதுர கிலோமீட்டர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்ந்தோர் 7 இலட்சத்திற்கும் குறைவு. மும்பைப் புறநகர் மாவட்டத்தின் பரப்பு 500 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. அங்கு வாழ்ந்தோரோ 93 இலட்சத்திற்கும் மேல். ஒரு நிறுவனத்தார் தம் விற்பனையை மாவட்டந்தோறும் வண்ணம் தீட்டிக் காட்டுவாராயின், பாலைவனம் தாள் முழுதும் பரந்து தோன்றும். பெருநகரம் ஒரு புள்ளியாய் மறையும். அப்படத்தை நம்பிச் சரக்கு அனுப்புவோர் கதி என்னாகும்? அவ்விடத்தில் நிலத்தின் பரப்பை நாடாது, விற்பனைக்கேற்ற வட்டத்தை இடுதலே தக்கது. மினார் பாரிஸ் வட்டாரங்களின்மேல் சதுரங்களை இட்டதும் இதுபற்றியே.

மினார் வரைந்தவற்றுள் இன்று மிகுந்த புகழ் பெற்று விளங்கும் படம் வாணிகம் பற்றியதன்று. நெப்போலியன் 1812-இல் ரஷ்யாவின்மீது படையெடுத்த செய்தியை, பஞ்சுக்கும் கால்நடைக்கும் கையாண்ட அதே கணக்கு முறையால் அவர் 1869 நவம்பரில் வரைந்து வெளியிட்டார். பதினாயிரம் வீரருக்கு ஒரு மில்லிமீட்டர் என்பது அளவு. நீமன் ஆற்றைக் கடக்கையில் பட்டையின் அகலம் 4,22,000 பேரைக் குறிக்கின்றது. மாஸ்கோவை அடைகையில் 1,00,000. திரும்பும் வழி கறுப்புப் பட்டை. பெரசினா ஆற்றின் ஒரு கரையில் 50,000. மறு கரையில் 28,000. நீமனைத் திரும்ப எய்துகையில் 10,000 பேரைக் குறிக்கும் ஒரு கோடே எஞ்சுகின்றது. படத்தின் அடியில் குளிரின் அளவு குறிக்கப்பட்டுள்ளது. அப்பொழுது மினாருக்கு வயது 88. மறு ஆண்டு பிரஷ்யப் படை பாரிசை நெருங்கியது. செப்டம்பர்த் திங்களில் முதியவர் நகரைவிட்டுப் போர்தோ சென்றார். அக்டோபர் 24-ஆம் நாள் அங்கேயே உயிர் நீத்தார்.