ஐப்பசி மழை வருகிறது: பூச்செடிக்காக மண்மேட்டைக் கொத்தாதீர்கள்

வெலிமடையில் ஆனியிலிருந்து ஆவணி வரை வரட்சிதான். தென்மேல் பருவப்பெயர்ச்சி மழையை மத்திய மலைத்தொடர் அந்தப் பக்கமே வாங்கிக்கொள்ள, இந்தப் பக்கத்துக்குக் கிடைப்பது காற்றும் புழுதியும். மூன்று மாதம் வாளி வாளியாய் ஊற்றிச் செடியைக் காப்பாற்றியவர்களுக்குத் தண்ணீர் கூடினால் என்ன ஆகும் என்ற நினைப்பு ஒக்டோபரில் வருவதில்லை. முதல் இடிமழையில் மண் இளகியதும் மண்வெட்டியைத் தூக்குகிறார்கள். தூக்கட்டும், நடுகைக்கு இதுதான் காலம். எங்கே கொத்துகிறார்கள் என்பதுதான் கவலை. வீட்டின் பின்புறம் செங்குத்தாக வெட்டிவிட்ட மண்மேட்டிலும் அந்த மேட்டின் தலையிலும் கொத்துகிறார்கள். இந்த அறிவித்தலில் வேறு எதை மறந்தாலும் பரவாயில்லை, இதை மறக்க வேண்டாம்: மண்மேட்டில் பாத்தி வெட்டாதீர்கள். மேட்டின் தலையிலும் வெட்டாதீர்கள்.

வழக்கமான வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிளேடியோலஸ் இலை மஞ்சளாகிவிட்டால் கிழங்கைக் கிளப்புங்கள். மண்ணை உதறுங்கள், கழுவாதீர்கள். நிழலில் காயவைத்துக் கூடையில் காற்றுப்பட வையுங்கள். டேலியாக் கிழங்கைப் பிரிக்கும்போது கழுத்தில் கண் இருக்கிறதா என்று பாருங்கள். எவ்வளவு பருத்திருந்தாலும் கண் இல்லாத கிழங்கு முளைக்காது. மெத்தென்றிருப்பதை எறிந்துவிடுங்கள். அகபாந்தஸ் புதரை இப்போது பிரித்து நடலாம். ஹைட்ரேன்ஜியா தண்டு நட்டால் இந்த ஈரத்தில் வேர்விடும். ஆனால் தேயிலைக்குப் போடுகிற கவ்வாத்தை ஹைட்ரேன்ஜியாவுக்குப் போடாதீர்கள். பழைய கிளையின் நுனி மொட்டில்தான் அது பூக்கும். ஒட்ட வெட்டினால் அடுத்த பூக்காலம் முழுக்க இலைதான். தேயிலை மண்ணின் புளிப்பால் அந்தப் பூ இங்கே நீலமாகத்தான் வரும். இளஞ்சிவப்பு வேண்டுமென்றால் சுண்ணாம்பு போடலாம், தேயிலைச் செடிக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

இனி விஷயத்துக்கு வருவோம். பூச்செடியைப் பலரும் நிறம் பார்த்துத்தான் தெரிவு செய்கிறார்கள். இந்தச் சரிவு நிலத்தில் முதலில் பார்க்க வேண்டியது, அந்தச் செடிக்காக ஆண்டுக்கு எத்தனை தடவை மண்ணைக் கிளற வேண்டியிருக்கும் என்பதுதான். டேலியாவும் கிளேடியோலஸும் நடும்போதும் எடுக்கும்போதும் மண்ணைப் புரட்ட வைக்கிற இனங்கள். அவற்றுக்குச் சமதரையும், ஒரு சாண் உயர்த்திய மேட்டுப்பாத்தியும், சுற்றிக் கானும் வேண்டும். தண்ணீர் தங்கினால் இரண்டும் அழுகும். அகபாந்தஸ், ஹைட்ரேன்ஜியா, அசேலியா, செவ்வரத்தை எல்லாம் ஒரு தடவை வைத்தால் பல ஆண்டு அசைக்கத் தேவையில்லாதவை. முற்றத்து ஓரத்திலும் மென்சரிவிலும் இவை போதும். வெட்டிய மேட்டுக்கு இவையும் வேண்டாம். அங்கே ஏற்கெனவே இருக்கிற புல்லே போதும்.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 1 லீற்றர் தண்ணீர். மேட்டில் 3 மீற்றர் நீளம், 1 மீற்றர் அகலத்தில் ஒரு பாத்தி வெட்டினால், 100 மில்லிமீற்றர் மழையில் அது வாங்குவது 300 லீற்றர், அதாவது 300 கிலோ. புல்லும் இறுகிய மேல்மண்ணும் இருந்தவரை அதில் பெரும்பங்கு மேலால் வழிந்து ஓடியிருக்கும். கொத்திப் பொலபொலவென்று ஆக்கிய மண் அதை உள்ளே இழுக்கிறது. உள்ளே போன நீர் பாரம் ஏற்றுவதோடு நிற்பதில்லை. மண்துகள்களை ஒன்றோடொன்று இறுக்கி வைத்திருக்கும் பிடியையும் தளர்த்துகிறது. இதோடு கூரைத் தண்ணீரையும் சேர்த்துப் பாருங்கள். 30 சதுர மீற்றர் கூரை அதே மழையில் 3,000 லீற்றர் கொட்டும். லயங்கள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இருக்கும் இடங்களில், மேல் லயத்துக் கூரைத் தண்ணீர் விழுவது கீழ் லயத்தின் மேட்டுத் தலையில். அங்கே ஒரு பூப்பாத்தியும் வெட்டி வைத்தால், தண்ணீரைப் பிடித்துத் தேக்கக் குழி தோண்டிக் கொடுத்ததாகத்தான் அர்த்தம்.

“செடி மண்ணைப் பிடிக்கும் என்று நீங்களே சொல்வீர்களே” என்று கேட்பார்கள். பிடிக்கும்தான். ஆனால் பிடிப்பது ஊன்றிய வேர். நேற்று நட்ட செடியிடம் இருப்பது தோண்டிய குழி மட்டும்தான். வெட்டிவேர் நல்ல தெரிவு. அதன் வேர் 3 மீற்றர் வரை இறங்கும். அதையும் மென்சரிவில் சமமட்ட வரிசையாக, அலவாங்கால் சிறு துளை போட்டுச் செருகுங்கள். கான்போல வெட்டி நட வேண்டாம். அதை வைத்துவிட்டு மேட்டடியில் நிம்மதியாகத் தூங்கலாம் என்றும் எண்ண வேண்டாம். பெரிய மண்சரிவு வழுக்கும் தளம் எந்த வேரும் எட்டாத ஆழத்தில் இருக்கலாம். காட்டுச் சூரியகாந்தியையும் நாயுண்ணியையும் சிலர் சிபாரிசு செய்கிறார்கள். இரண்டும் அழகுக்காகக் கொண்டுவரப்பட்டுக் கட்டுக்கடங்காமல் போனவை. வெட்டிய தண்டை ஓடையில் எறிந்தால் கீழே போய் இன்னொரு காடு முளைக்கும்.

“எங்களுக்குச் சமதரை எங்கே இருக்கிறது?” என்பது இதைவிட நியாயமான கேள்வி. லயத்தில் இருப்பவருக்கு வாசலும் கோடிப்புறமும் தவிர ஒரு சாண் நிலமில்லை என்பது உண்மை. அதற்குப் பூப்பாத்தி பதில் சொல்ல முடியாது. ஆனால் பழைய பேரலைப் பாதியாக வெட்டி, அடியில் நாலைந்து துளை போட்டு, வாசல் பக்கம் வைத்தால் டேலியா அதில் தாராளமாக வரும். உரப்பையிலும் வரும். பேரலையும் பையையும் மேட்டின் விளிம்பில் அடுக்காதீர்கள், அதுவும் பாரம்தான்.

“போன வருஷமும் இதே மேட்டில்தான் நட்டோம், ஒன்றும் ஆகவில்லையே” என்ற பேச்சுக்குத்தான் பொறுமை போய்விடுகிறது. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதைந்ததும், 2025 நவம்பர் 28 கரையைத் தொட்ட டித்வா புயலில் பதுளை மாவட்டம் பட்ட பாடும் தெரியாதவர்கள் இங்கே யாருமில்லை. அவை பூப்பாத்தியால் வந்தவையல்ல. ஆனால் அந்த மழையில் விழாமல் தப்பிய மேடுகள் பலமாக இருக்கின்றன என்று எண்ணிவிட வேண்டாம். வெடித்து நிற்கிற மேடு இந்த ஆண்டுத் தண்ணீரை அந்த வெடிப்பு வழியாகவே குடிக்கும். அதிலா போய்க் கொத்துகிறீர்கள்? ஏற்கெனவே பாத்தி வெட்டியிருந்தால், இந்த வாரமே செடியை எடுத்துவிட்டு, மண்ணை நிரவி மிதித்து, புல்லுக்கரணை பதியுங்கள். துப்புரவுக்கென்று மேட்டுப் புல்லைச் செதுக்காதீர்கள். கத்தியால் நுனியை வெட்டினால் போதும். மேட்டுத் தலையில் கான் அடைத்திருந்தால் இலைதழையை அள்ளிவிடுங்கள். கூரைத் தண்ணீரைப் பீலி வைத்துப் பக்கவாட்டில் இறக்குங்கள்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணிநேரத்தில் 75 மில்லிமீற்றர் மழைக்கு விழிப்பும், 100க்கு எச்சரிக்கையும், 150க்கு வெளியேறும் அறிவிப்பும் விடுக்கிறது. நிலத்திலோ சுவரிலோ புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கிவரும் ஊற்று, இறுகித் திறக்க மறுக்கும் கதவு: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அளவுக்குக் காத்திருக்க வேண்டாம். வெளியேறி, கிராம உத்தியோகத்தருக்கும் 117 அவசர அழைப்பு இலக்கத்துக்கும் சொல்லுங்கள். பேரலில் இருக்கும் டேலியாவை எடுக்க யாரும் திரும்பிப் போகக் கூடாது.