அசைபோடும் நேரம்

நுழையும்முன்
வீட்டிற்கு வரும் விருந்தினரை எவ்வாறு பேண வேண்டும் என்பதை அறிவோம். நாமே விருந்தினராகச் செல்லும் இடத்தில் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும்? மலையடிவாரக் காட்டில் உண்ட ஒரு நண்பகல் உணவு அதனைக் கற்றுத் தருகிறது.

தில்லியில் வாழும் கயல்விழி, தம்பி எழிலனுடனும் பெற்றோருடனும் இரவுத் தொடர்வண்டியில் புறப்பட்டாள். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த பாட்டியும் உடன் வந்தார். விடியற்காலையில் அவர்கள் உத்தராகண்டம் மாநிலத்தின் இராம்நகரை அடைந்தனர். அங்கிருந்து திறந்த ஜிப்சி வண்டியில் கார்பெட் தேசியப் பூங்காவிற்குள் சென்றனர். சாலையின் இருபுறமும் சால மரங்கள் ஓங்கி நின்றன. நண்பகலுக்குச் சற்று முன்னர்த் திகாலா வன விடுதி வந்தது. விடுதியின் கீழே இராம்கங்கை ஆறு. அதற்கு அப்பால் அடுக்கடுக்கான மலைகள்.

"இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா இதுதான். 1936ஆம் ஆண்டில் இது அமைக்கப்பட்டது. ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிய ஜிம் கார்பெட், பிற்காலத்தில் புலிகளைக் காக்க வேண்டும் என்று எழுதினார். அவர் பெயரே பின்னர் இப்பூங்காவிற்குச் சூட்டப்பட்டது. புலிகள் பாதுகாப்புத் திட்டமும் 1973ஆம் ஆண்டில் இங்குதான் தொடங்கியது" என்றார் அப்பா.

"அப்படியானால் இப்போதே புலியைப் பார்க்கப் போகலாம்!" என்றாள் கயல்விழி.

வழிகாட்டி சிரித்தார். காலையிலும் மாலையிலும் மட்டுமே வண்டிகள் காட்டிற்குள் செல்லும். நண்பகல் விலங்குகள் இளைப்பாறும் நேரம் என்று அவர் இந்தியில் கூறினார். அதனைக் கயல்விழி பாட்டிக்குத் தமிழில் சொன்னாள். அவள் முகம் வாடியிருந்தது.

உணவகத்தில் சப்பாத்தி, சோறு, பருப்பு, இராஜ்மா ஆகியவை பரிமாறப்பட்டன. அங்குச் சைவ உணவு மட்டுமே கிடைக்கும். கயல்விழி அவசர அவசரமாக உண்டாள். பாட்டியோ ஒவ்வொரு கவளத்தையும் மென்று, சுவைத்து உண்டார்.

உண்டபின் அனைவரும் ஆற்றைப் பார்த்தவாறு மர நிழலில் அமர்ந்தனர். எழிலன் ஒரு சப்பாத்தியைக் கையோடு கொண்டு வந்திருந்தான். குரங்கு ஒன்று மெல்ல நெருங்கியது. அவன் மகிழ்ச்சியோடு சப்பாத்தியை நீட்டினான். வழிகாட்டி விரைந்து வந்து தடுத்தார், குரங்கையும் விரட்டினார். எழிலனின் கண்கள் கலங்கின.

"பசித்த உயிருக்கு உணவு கொடுப்பது நல்லதுதானே?" என்று கேட்டாள் கயல்விழி.

வழிகாட்டி பொறுமையாக விளக்கினார். அவள் அதனைப் பாட்டிக்கு எடுத்துரைத்தாள்: "இன்று நாம் கொடுத்தால் அது நாளை வேறொரு குழந்தையின் கையிலிருந்து பறிக்குமாம். காட்டில் இலையும் கனியும் தேடுவதை விட்டுவிட்டுச் சாலையோரம் காத்திருக்குமாம். அப்படிக் காத்திருக்கும் குரங்குகள் வண்டியில் அடிபடுவதும் உண்டாம், பாட்டி."

பாட்டி எழிலனை அருகில் அமர்த்திக்கொண்டார். "நம் வீட்டிற்கு வரும் விருந்தினர் நம்மைக் கேட்காமல் உனக்குக் கண்டதையும் ஊட்டினால் அம்மா ஒப்புவாளா? இது அவற்றின் வீடு, கண்ணா. இங்கே நாம்தான் விருந்தினர்" என்றார். எழிலன் சிறிது நேரம் எண்ணிப் பார்த்தான். பிறகு சப்பாத்தியைத் தானே உண்டு முடித்தான்.

வேலிக்கு அப்பால் புள்ளிமான்கள் படுத்திருந்தன. அவற்றின் வாய்கள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. அவை 'ஜுகாலி' செய்கின்றன என்றார் வழிகாட்டி. கயல்விழி பாட்டியிடம் சொல்ல முயன்றாள். அதற்குரிய தமிழ்ச்சொல் அவளுக்குத் தெரியவில்லை. தன் தாடையை அசைத்துக் காட்டினாள்.

"அசைபோடுகின்றன!" என்றார் பாட்டி. "நம் ஊர்ப் பசுக்களும் இப்படித்தான். மேயும்போது விரைவாக விழுங்கிவிடும். பின்னர் நிழலில் படுத்து, விழுங்கியதை மீண்டும் வாய்க்குக் கொண்டுவந்து மெல்லும். வெட்டவெளியில் நெடுநேரம் தலைகுனிந்து மேய்ந்தால் மானுக்கு ஆபத்து அல்லவா? நடந்ததை மனத்திற்குள் மீண்டும் நினைத்துப் பார்ப்பதையும் அசைபோடுதல் என்றே சொல்வோம்."

அப்போது மரத்தின் மேலிருந்த கருமுகக் குரங்கு ஒன்று உரத்துக் குரல் எழுப்பியது. மான்கள் துள்ளி எழுந்தன. அவற்றுள் ஒன்று கூர்மையாகக் கத்தியது. எல்லா மான்களும் ஆற்றங்கரைப் புல்வெளியையே நோக்கின. யாரும் பேசவில்லை.

உயரத்திலிருக்கும் குரங்கின் கண்ணும், தரையிலிருக்கும் மானின் மூக்கும் ஒன்றுக்கொன்று காவல் என்று வழிகாட்டி தாழ்ந்த குரலில் கூறினார். புல்வெளியில் எதுவும் தென்படவில்லை. சற்று நேரத்தில் மான்கள் அமைதியடைந்தன.

"வந்தது புலியா?" என்று மெல்லக் கேட்டாள் கயல்விழி. அது மான்களுக்கே தெரியும் என்றார் வழிகாட்டி.

மாலை உலாவில் அவர்கள் யானைக் கூட்டத்தைக் கண்டனர். புலி கண்ணில் படவில்லை. மறுநாள் இரவு, தில்லி செல்லும் தொடர்வண்டியில் கயல்விழி சன்னலோரம் அமைதியாக அமர்ந்திருந்தாள்.

"என்ன செய்கிறாய், கயல்?" என்று கேட்டார் அம்மா.

"அசைபோடுகிறேன், அம்மா" என்றாள் கயல்விழி. பாட்டி வாய்விட்டுச் சிரித்தார்.

சொல்லும் பொருளும்
இளைப்பாறுதல் – ஓய்வெடுத்தல்
கவளம் – ஒரு வாய் உணவு
ஒப்புதல் – சம்மதித்தல்
உலா – சுற்றி வருதல்

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. திகாலா வன விடுதியின் கீழே ஓடும் ஆறு ________.
2. புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கிய ஆண்டு ________.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. குரங்கிற்கு உணவு கொடுப்பதை வழிகாட்டி ஏன் தடுத்தார்?
2. குரங்கும் மானும் ஒன்றுக்கொன்று எவ்வாறு உதவுகின்றன?
3. 'அசைபோடுதல்' என்னும் சொல்லின் இரு பொருள்களையும் தொடரில் அமைத்து எழுதுக.

இ. சிந்தித்து எழுதுக.
வேற்று மொழியில் அறிந்து, தமிழில் அறியாத ஐந்து சொற்களைத் தொகுக்க. அவற்றுக்குரிய தமிழ்ச்சொற்களை வீட்டிலுள்ள பெரியோரிடம் கேட்டு எழுதுக.